மெண்டல்சனா, மொசார்ட்டா? ஆடிஷனுக்கு எது சரி?

ஸ்கார்பரோ அம்மா:
மகளுக்கு 13 வயது. இளையோர் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா (சின்ன வாத்தியக்குழு) ஒன்று தனி வயலின் வாசிக்க ஆடிஷன் வைக்கிறது. தேர்வானால் வசந்தகாலக் கச்சேரியில் அவர்களோடு ஒரு கன்சர்டோ (தனி வாத்தியத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய பாட்டு) வாசிக்கலாம். முதல் பகுதி மட்டும், மனப்பாடமாக, பியானோ துணையோடு, 10 நிமிடத்துக்குள் என்பது விதி. மொசார்ட்டின் மூன்றாவது வயலின் கன்சர்டோ, அந்த ஜி மேஜர், போதும் என்கிறார் டீச்சர். பிள்ளையோ மெண்டல்சன் ஈ மைனர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டு வாரமாக வீட்டில் இதே சண்டை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது வரிசை வயலின்:
மெண்டல்சன்தான், யோசிக்கவே வேண்டாம். மொசார்ட்டைப் பத்துப் பேர் வாசிப்பார்கள், நடுவர்களுக்குக் காது மரத்துப் போயிருக்கும். மெண்டல்சனில் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றரை பார் (தாளச் சுற்று) வாசித்ததுமே வயலின் உள்ளே வந்துவிடும், காத்திருக்கிற பதற்றம் கிடையாது. அவளுக்கு ஆசை இருக்கிறது. ஆசை இல்லாத பாட்டை ஆறு மாதம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பழைய வயோலா:
தம்பி, அது தனிக்கச்சேரி இல்லை, சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. மெண்டல்சனுக்குப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன், டிரம்பெட் எல்லாம் இரண்டிரண்டு வேண்டும், கூட டிம்பனி. பிள்ளைகளிடம் ஏது அத்தனை? மொசார்ட்டின் ஜி மேஜருக்குத் தந்தி வாத்தியங்கள், இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன். நடுவில் வரும் மெதுவான பகுதிக்கு ஓபோவுக்குப் பதில் புல்லாங்குழல். அவ்வளவுதான். ஆர்க்கெஸ்ட்ராவால் வாசிக்க முடியாத பாட்டோடு வந்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

இன்னொன்று. ஒரு முறை இப்படிப்பட்ட ஆடிஷனில் பியானோக்காரருக்குப் பக்கம் திருப்ப உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் பெரிய கன்சர்டோவோடு வந்தான். கை அருமை, ஆனால் கடினமான இடம் வந்ததும் ஓட ஆரம்பித்தான். பியானோக்காரர் இடக்கை சுரங்களை விட்டுவிட்டு, வலக்கையால் மட்டும் துரத்தினார். நடுவர் வரிசையில் இருந்த கண்டக்டர் பையனைப் பார்க்கவே இல்லை, பியானோக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த பெண் பாக்கின் ஏ மைனர் கன்சர்டோ வாசித்தாள். வில்லைச் சற்றுத் தூக்கி, பியானோ பக்கம் ஒரு பார்வை, ஒரு மூச்சு, பிறகுதான் ஆரம்பித்தாள். அவளைத்தான் எடுத்தார்கள்.

நாலாவது வரிசை வயலின்:
அண்ணா, சேர்ந்து வாசிக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை என்றால் அதற்கும் மெண்டல்சன்தான்! இரண்டாவது மெட்டு வருகிற இடத்தைக் கேளுங்கள். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பாடும், வயலின் கீழே ஜி தந்தியில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும். தனி வாசிப்பவர் ஆதார சுருதியாக மாறும் இடம் அது. காடென்ஸா, அதாவது ஆர்க்கெஸ்ட்ரா நின்று வயலின் மட்டும் தனியே வாசிக்கும் இடம், அதன் கடைசியிலும் வில் நான்கு தந்திகளிலும் துள்ளிக்கொண்டே இருக்க, ஆர்க்கெஸ்ட்ரா மேலே முதல் மெட்டோடு திரும்பி வரும். பக்கவாத்தியம் யார், பாடகர் யார் என்றே தெரியாது.

பழைய வயோலா:
அழகான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த கிளாரினெட்டை யார் வாசிப்பது? அதைச் சொல்லு.

மயிலாப்பூர் ரசிகன்:
நான் கர்நாடகக் காது, திட்டாதீர்கள். மொசார்ட்டில் மட்டும் காடென்ஸா இல்லையா?

பழைய வயோலா:
உண்டு சார். ஆனால் வயலின் கன்சர்டோக்களுக்கு மொசார்ட் எழுதிய காடென்ஸா எதுவும் நம்மிடம் இல்லை. இந்த ஜி மேஜருக்குப் பெரும்பாலும் சாம் ஃபிராங்கோ என்ற வயலின்காரர் எழுதியதை வாசிப்பார்கள். மெண்டல்சன் தன்னுடையதைத் தானே எழுதி, பகுதியின் நடுவிலேயே வைத்துவிட்டார். 10 நிமிட விதியில் மெண்டல்சனை முடிக்கவும் முடியாது, முதல் பகுதியே 12 நிமிடம் ஓடும். கடைசி வேகத்துக்கு வரும் முன்னே "நன்றி, போதும்" என்பார்கள்.

மயிலாப்பூர் ரசிகன்:
அப்போ மெண்டல்சனிலேயே சின்னதாக ஒன்று கிடையாதா?

நாலாவது வரிசை வயலின்:
அட, இருக்கிறது! டி மைனர் கன்சர்டோ. 1822இல் எழுதினார், தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ரொம்ப காலம் கண்ணில் படாமல் கிடந்ததை 1952இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் மேடையேற்றினார். எழுதும்போது மெண்டல்சனுக்கு வயது 13. நான் ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?

பழைய வயோலா:
ஏனென்றால் உனக்கு ஈ மைனர் வெறி. ஆனால் இது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். முதலில் டீச்சரைக் கேளுங்கள் தங்கச்சி. பியானோ துணைக்கு வருபவருக்கும் இப்போதே நோட்ஸ் கொடுத்துவிடுங்கள், முந்தின வாரம் கொடுத்தால் எதுவும் உதவாது.

ஸ்கார்பரோ அம்மா:
நேற்று இரவு போட்டுக் காட்டினேன். "இது அது இல்லையே அம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, விட்டுவிட்டேன். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுடைய அறையிலிருந்து அந்த டி மைனரின் மூன்றாவது பகுதி கேட்டது. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். டீச்சருக்கு இன்றைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.