நம் படத்துக்கு நம் டோன்: உங்களுக்கு எப்படி அமைந்தது?

தூத்துக்குடியிலிருந்து

உப்பளங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவருகிறேன். பெயர் போடாமல் விட்டாலும் என் படம் என்று தெரிந்துவிடுகிறது, எந்த ப்ரீசெட் (முன்பே தயாராக இருக்கும் எடிட்டிங் அமைப்பு) என்று பலர் கேட்டுவிட்டார்கள். ப்ரீசெட் எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப எடுக்கிற சில முடிவுகள்தான் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.

இடத்தைச் சொல்லாமல் ப்ராசஸிங்கைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் ஊர் உப்பளங்களில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் உப்பு நன்றாக விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் வந்து, பாத்தித் தண்ணீரில் வானம் தெரிவதை எடுத்துக்கொண்டு வெயில் ஏறும்முன் கிளம்பிவிடுவார்கள். அந்தப் படங்கள் அழகானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பளத்து வேலை என்றால் என் கண்ணுக்குத் தெரிவது வெயில்தான். தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே அதைத் திருப்பியடிக்கும் உப்பு. அங்கே நிற்பவர்களின் முகத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சாதாரணமாக உச்சிவெயிலில் கண்ணுக்குழியிலும் தாடைக்குக் கீழும் கெட்டியாக நிழல் விழும். உப்பளத்தில் அப்படி விழுவதில்லை. கீழிருந்து வரும் வெளிச்சம் அந்த நிழலைக் கரைத்துவிடுகிறது. ஸ்டூடியோவில் ரிஃப்ளெக்டர் வைத்துச் செய்வதை உப்பு தானாகவே செய்கிறது. அந்த வெளிச்சத்தைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முதல் முடிவு வெள்ளையைப் பற்றியது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், உப்பையும் சேர்த்துத்தான். அதனால் எடுக்கும்போதே இரண்டு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது) கொஞ்சம் கூடுதலாக எக்ஸ்போஷர் கொடுக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளைவரை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு படியாகப் பிரிக்கும் ஸோன் முறையில் சொன்னால், உப்பை ஏழாவது ஸோனுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் வைக்கிறேன். எட்டைத் தாண்டினால் கல்லுப்பின் சொரசொரப்பு போய் வெறும் காகிதம் ஆகிவிடும். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கர்சரை உப்பின்மேல் வைத்தால் 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் (100 என்றால் முழு வெள்ளை) காட்ட வேண்டும். ஈரமான கல்லில் சூரியன் நேராகப் பட்டு மின்னும் இடத்துக்கு மட்டும் 100 அனுமதி உண்டு. வானத்தையும் உப்போடு ஒட்டிய வெள்ளையிலேயே விடுகிறேன். நீல சேனலைக் குறைத்து வானத்தைக் கறுக்க வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் மழை வரப்போகிற மாதிரி ஆகிவிடும். மே மாதத்து உப்பளத்தில் மழை ஏது?

இரண்டாவது முடிவு தோலைப் பற்றியது. என்னைப் பொறுத்தவரை என் பாணி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் ரொம்ப காலம் டார்க் ரூம் பார்த்த ஓர் அண்ணாச்சி.

உப்புக் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்து நிற்கும் ஓர் அம்மாவின் படத்தை இரண்டு விதமாக பிரிண்ட் போட்டு அவரிடம் கொண்டுபோனேன். ஒன்றில் ஷேடோ ஸ்லைடரை ஏற்றி முகத்தை வெளிச்சமாக்கியிருந்தேன். மற்றதில் முகம் கேமரா பதிந்தபடி அப்படியே கறுப்பாக இருந்தது. அண்ணாச்சி இரண்டையும் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் நிதானமாகப் பார்த்தார்.

“தம்பி, இது வெளுத்த முகம். நான் காலம் பூரா செஞ்ச வேலை இதுதான். நெகட்டிவ்ல பென்சில் தடவுனா பிரிண்டுல அந்த இடம் வெளுக்கும். பொண்ணு பாக்க அனுப்புற படம்னா முகம் பூரா தடவணும், அப்பதான் வாங்கிட்டுப் போவாங்க. உனக்கு யாரு அப்படிக் கேட்டா?”

யாரும் கேட்கவில்லை என்றேன்.

“அப்ப எதுக்கு? இந்தக் கறுப்புக்குள்ளயே வெளிச்சம் இருக்கு பாரு. நெத்தி, கன்னத்து எலும்பு, புறங்கை. வேர்வை பட்டு மினுங்குதுல்லா, அங்க மட்டும் கொடு. மிச்சத்தைத் தொடாத.”

பிறகு ஒரு கம்பியின் நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கும் என்லார்ஜரின் வெளிச்சத்துக்குக் குறுக்கே அதை எப்படி ஆட்டுவார் என்று காட்டினார். அட்டையை ஒரே இடத்தில் நிறுத்தினால் அதன் விளிம்பு பிரிண்டில் கோடாக விழுந்துவிடும், கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நான் இன்று செய்வதும் அதையேதான். ஷேடோ ஸ்லைடரை மொத்தமாக ஏற்றுவதில்லை. ஃப்ளோ மிகக் குறைவாக வைத்த பிரஷ்ஷால் நெற்றியிலும் எலும்பு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுகிறேன். கறுப்பு வெள்ளை மிக்ஸில் ஆரஞ்சு சேனலை ஏற்றினாலும் தோல் சட்டென்று வெளுத்துவிடும். அதனால் ஆரஞ்சை நான் தொடுவதே இல்லை. இப்படிச் செய்தபோது முகம் கறுப்பாகவும் இருந்தது, முகத்தில் இருந்ததெல்லாம் தெரியவும் செய்தது. படத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். “நான்தான் இது” என்று பக்கத்து வரப்பில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

கறுப்பினப் புகைப்படக்காரர் ராய் டிகாராவாவின் படங்களை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். நியூயார்க்கின் ஹார்லெமில் 1919-இல் பிறந்தவர். தன் மக்களை, பெரும்பாலும் இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுத்தார், பிரிண்டும் தானே போட்டார். அந்த பிரிண்டுகளில் கறுப்புக்கும் நடுச் சாம்பலுக்கும் இடையில் எத்தனை படிகள்! பளிச்சென்ற வெள்ளையை அபூர்வமாகத்தான் விடுவார். 1949-இல் எடுத்த ஒரு படத்தில், பட்டமளிப்பு விழாவுக்கான வெள்ளை உடையில் ஒரு பெண் காலி மனை ஒன்றின் வெயில் துண்டில் நிற்கிறாள், சுற்றிலும் நிழலும் குப்பையும். அந்த ஒரு வெள்ளைக்காக மற்ற எல்லாவற்றையும் அவர் இருட்டில் வைத்திருக்கிறார். என் உப்பளத்தில் கணக்கு நேர்மாறானது. எல்லாம் வெள்ளை, முகம் மட்டும் கறுப்பு. இருந்தாலும் தோலை வெளுக்காமல் அதற்குள்ளேயே வெளிச்சத்தைத் தேடும் வேலை ஒன்றுதான். அண்ணாச்சியிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். “இவருக்குப் பொறுமை ஜாஸ்தி” என்றார்.

ஸ்பிளிட் டோனிங், கிரெய்ன், விக்னெட் பற்றியெல்லாம் கேட்டால் என்னிடம் பெரிதாகப் பதில் இல்லை. லேசான வெதுவெதுப்பு டோன் ஒன்று சேர்க்கிறேன், அவ்வளவுதான்.


வால்பாறையிலிருந்து

அண்ணா, நீங்கள் உப்புக்குச் சொன்னதை நான் பச்சைக்குச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்களையும் சோலைக்காடுகளையும் கலரில் எடுக்கிறேன். என் படங்களில் பச்சை வேறு மாதிரி, கொஞ்சம் நீலம் கலந்து கனமாக இருக்கிறது என்பார்கள். அதில் பாதி லைட்ரூமில் நடப்பதே இல்லை.

இலையின் மேல்பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கும். மேகமூட்டமான நாளில் ஒவ்வோர் இலையிலும் ஒரு வெள்ளைப் படலம் உட்கார்ந்திருக்கும். லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் அந்தப் படலம் விலகி உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும். இதை எந்த ஸ்லைடராலும் பின்னால் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த நிறம் ஃபைலிலேயே இருக்காது. வெயில் நாளுக்குத்தான் போலரைசர் என்று பலரும் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். நான் தூறலில்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஓர் அக்கா. என் படத்தை கேமராத் திரையில் பார்த்துவிட்டு, “கொழுந்து எது, முத்தின இலை எதுன்னே தெரியலையே, எல்லாம் ஒண்ணா கெடக்கு” என்றார். அவர் பிழைப்பே அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதுதான். கொழுந்தில் மஞ்சள் இருக்கும், முற்றிய இலையில் நீலம். போலரைசர் போட்டு எடுத்தபிறகு, மஞ்சளையும் பச்சையையும் தனித்தனியாகப் பிரித்து, மஞ்சளை அப்படியே விட்டுவிட்டுப் பச்சையின் ஹ்யூவை (நிறச் சாயலை) மட்டும் நீலம் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறேன். சாச்சுரேஷனை ஏற்றுவதில்லை. கொழுந்து தனியாகத் தெரிகிறதா என்பதுதான் இப்போது என் ஒரே பரிசோதனை.


சென்னையிலிருந்து

இருவருக்கும் நன்றி. நான் எடுப்பது வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம். பழைய வீடுகள், சமையலறை, ஓட்டு இடுக்கில் விழும் ஒற்றைக் கதிர். படங்கள் எல்லாமே இருட்டானவை. எனக்கு வந்த சிக்கலைச் சொன்னால் யாருக்காவது உதவும்.

ஒரு லேபில் பிரிண்ட் கொடுத்தேன். வந்த படத்தில் சமையலறை பட்டப்பகல் மாதிரி இருந்தது. இருட்டான படம் என்றால் தவறாக எடுத்தது என்று நினைத்து மெஷின் தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. வேறொரு லேபில் ஆபரேட்டர் அண்ணாதான் சொன்னார்: “மேடம், கவர்மேல நோ கரெக்‌ஷன்னு எழுதிக் கொடுங்க, நான் ஆஃப் பண்ணிடுறேன்.” அதோடு விடாமல் ஒரே ஃபைலைப் பளபளப்பில்லாத மேட் பேப்பரிலும் லேசாகப் பளபளக்கும் பரைட்டா பேப்பரிலும் போட்டுக் காட்டினார். மேட் பேப்பரால் பரைட்டா அளவுக்கு ஆழமான கறுப்பைத் தர முடியாது. திரையில் நான் பிரித்து வைத்திருந்த ஐந்தாறு கறுப்புகளும் மேட்டில் ஒரே சேறாகிவிட்டன. பரைட்டாவில் அடுப்பு தனி, சுவர் தனி, சுவரில் படிந்த கரி தனி என்று தெரிந்தது.

அன்றிலிருந்து எந்தப் பேப்பர் என்று முடிவு செய்தபிறகுதான் ப்ராசஸிங் தொடங்குகிறேன். அந்தப் பேப்பரின் புரொஃபைலை (அதில் நிறம் எப்படி விழும் என்ற விவரக் கோப்பை) லேபில் வாங்கி, பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபிங்கைப் போட்டுவைத்துக்கொண்டே வேலை செய்கிறேன். என் பாணியில் பாதி அந்தப் பேப்பருடையது, அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஒரு கேள்வி. டோன் ஒன்று அமைந்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? நான் முன்பு போட்ட பிரிண்டுகள் இப்போது எனக்கு வெளிறித் தெரிகின்றன.


மீண்டும் தூத்துக்குடியிலிருந்து

தங்கச்சி, ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவுப் படத்தையே பாருங்கள். ஒரே நெகட்டிவ். ஆரம்பத்தில் போட்ட பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகங்கள் நிறையத் தெரியும். பல வருடம் கழித்துப் போட்டவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. இங்கிலாந்தின் பில் பிராண்டும் அப்படித்தான். மென்மையாக பிரிண்ட் போட்டிருந்த தன் பழைய படங்களையே பிற்காலத்தில் கடுமையான கான்ட்ராஸ்டில் மறுபடியும் போட்டார். ஒரே மனிதரின் கண்தான், வயதோடு மாறியது. அதனால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரே தொடருக்குள் மட்டும் இரண்டு டோன் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தொடரை முடிக்கும்போது எல்லா பிரிண்டுகளையும் தரையில் பரப்பிவைத்து, வேறு யாரோ எடுத்ததுபோல் தெரிவதை எடுத்துவிடுவேன். நல்ல படமாக இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

மாற்றும்முன் திரையின் பிரகாசத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். பிரகாசமான திரையில் இருட்டுப் படத்தை முடித்தால் பிரிண்ட் இன்னும் இருட்டாக வரும், அது உங்கள் கண் மாறியதால் அல்ல. பிரிண்டுக்காக வேலை செய்யும்போது திரையை அளந்து சரிசெய்யும் காலிப்ரேட்டரில் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80-லிருந்து 100 கேண்டலாவுக்குள் வைத்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். காலிப்ரேட்டர் இல்லையென்றால், உங்களுக்குப் பிடித்த பழைய பிரிண்ட் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றாகும்வரை திரையைக் குறையுங்கள்.

வால்பாறைத் தம்பி, கொழுந்தும் முற்றிய இலையும் சேர்ந்து வரும் படம் ஒன்றைப் போலரைசர் போட்டும் போடாமலும் இங்கே போடுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.