ஹெல்சிங்கோர்: ஹாம்லெட்டைத் தேடிப் போனவர்கள் கண்ட ஊர்

கோபன்ஹேகனில் பணிபுரிபவர்:

ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டை நடமாடவிட்ட குரோன்போர்க் கோட்டையைப் பார்க்கத்தான் டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்கு ரயில் ஏறினேன். முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் கோட்டை மதிலில், கடலை நோக்கி நிற்கும் பீரங்கி வரிசைக்கருகே நின்றபோது நாடகம் மனதைவிட்டே போய்விட்டது. எதிரே 4 கிலோமீட்டரில் சுவீடன்! அக்கரை வீடுகளின் கூரைகள்கூடத் தெரிகின்றன. இந்த ஊரை வாழவைத்தது அந்தக் குறுகிய நீரிணைதான்.

1420களில் டென்மார்க்கை ஆண்ட எரிக் மன்னர் இங்கே கோட்டை எழுப்பி, கடந்து போகும் கப்பல்கள் நின்று சுங்கம் செலுத்தியாக வேண்டும் என்று ஆணையிட்டார். பிற்காலத்தில் சரக்கின் மதிப்புக்கு ஏற்ப வரி வசூலித்தார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. மதிப்பு எவ்வளவு என்பதைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு இருந்தது. கூட்டிச் சொன்னால் வரி கூடும், குறைத்துச் சொன்னால் சரக்கே கைவிட்டுப் போகும். ஒரு மூட்டையைக்கூடப் பிரிக்காமல் உண்மையை வரவழைக்கும் இந்த ஏற்பாட்டை அறிந்தபோது அசந்துபோனேன்.

அந்த வருவாயின் செழிப்பில்தான் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1574 முதல் 1585 வரை பழைய கோட்டையை மாளிகையாக மாற்றினார். 1586-இல் ஆங்கில நடிகர்கள் சிலர் இங்கே வந்து நடித்தார்கள். வில்லியம் கெம்ப் உள்ளிட்ட அவர்களில் சிலர் பின்னாளில் ஷேக்ஸ்பியரின் குழுவில் இருந்தவர்கள். இந்தக் கோட்டையின் பேச்சு அவர்கள் வழியாகத்தான் லண்டனுக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

1857-இல் சுங்கம் ஒழிந்தது. 1882-இல் கப்பல் கட்டும் தளம் வந்து, நூறாண்டு ஊருக்குச் சோறு போட்டு, 1983-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பட்டறைகளில் நூலகமும் அரங்கமும் இருக்கின்றன. கப்பலை நிறுத்தி நீரை வடித்து வேலை பார்க்கும் பழைய உலர்துறையை அப்படியே பள்ளமாக விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தரைக்கடியில் 2013-இல் கடல்சார் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். கோட்டையின் காட்சியை ஒரு கட்டடமும் மறைக்கவில்லை. பழையதற்கு இப்படியல்லவா மரியாதை செய்ய வேண்டும்!

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை:

நீங்கள் நிலவறைக்குள் இறங்கவில்லையா ஐயா? இருட்டும் ஈரமுமான அந்த வழியில், கைகளைக் கட்டிக்கொண்டு, தாடி நெஞ்சில் படர உறங்கும் பழங்கதை வீரன் ஹோல்கர் டான்ஸ்கேயின் சிலை இருக்கிறது. நாட்டுக்கு ஆபத்து வந்தால் அவன் விழித்தெழுவான் என்பது டேனியர்களின் நம்பிக்கை. நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒரு தலைமறைவுக் குழு அவன் பெயரையே சூட்டிக்கொண்டது.

1943 அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க ஜெர்மானியர்கள் முனைந்தபோது, ஹெல்சிங்கோரில் ஒரு காவலர், ஒரு பத்திரிகையாளர், புத்தகம் தைத்துக் கட்டும் தொழிலாளி ஒருவர், இன்னும் சிலர் சேர்ந்து ‘தையல் சங்கம்’ என்ற பெயரில் இரவோடிரவாக அவர்களைப் படகேற்றி அக்கரை சேர்த்தார்கள். டென்மார்க் முழுவதிலுமிருந்து 7,000-க்கும் மேற்பட்டவர்கள் சுவீடனுக்குத் தப்பினார்கள். ஒரு காலத்தில் வரி பறிக்கப் பயன்பட்ட அதே குறுகல்தான் அன்று உயிர்களைக் காத்தது. சுவீடன் கரையிலுள்ள ஹெல்சிங்போரிக்குப் போகும் படகில் ஏறினால் இருபதே நிமிடம். அந்த இருபது நிமிடமும் எனக்கு வேறு நினைவே வரவில்லை.

இசை பயிலும் மாணவர்:

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இளமையில் நெடுந்தூரம் நடந்துபோய்க் கேட்ட இசைமேதை புக்ஸ்டெஹூடே, 1660 முதல் 1668 வரை இவ்வூரின் புனித மரியாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள், அங்கும் போய் வாருங்கள்.

மயிலாடுதுறைக்காரர்:

1629-இல் தீ விபத்தில் குரோன்போர்க் எரிந்தபோது அதை மீண்டும் கட்டியவர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன். எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடிக் கோட்டையும் அவர் காலத்ததுதான். அவர் அனுப்பிய ஓவே யெடே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி பெற்று எழுப்பியது. சிறுவயதில் அந்தக் கோட்டைச் சுவரில் ஏறி விளையாடியவன் நான். 1845-இல் டேனியர்கள் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். குரோன்போர்க் மதிலை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டையும் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன்.