தோண்டி மூடிய மண்ணை மிதிக்க மறுக்கும் அப்பா: முன்னாள் படைவீரரின் மனக்காயத்துக்கு வீட்டார் என்ன செய்யலாம்?

கேள்வி: பாலாற்றங்கரை

வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. 1983இல் இராணுவத்தில் சேர்ந்து, 2003ஆம் ஆண்டின் கடைசியில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அதன் பிறகு சென்ற ஆண்டு வரை ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலராக வேலை பார்த்தார். 1987 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. தமிழ் தெரிந்தவர் என்பதால் வேறு மாநிலத்தவர் நிறைந்த ஒரு பட்டாலியனுக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்கள் என்று அம்மா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் தோண்டி, மண் போட்டு மூடினார்கள். அன்று முதல் அப்பா வாசல் வழியாக வெளியே போவதில்லை. பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நுழைந்து, சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். தம்பி விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்தபோது, இதுவரை யாரையும் அடித்திராதவர் அவனைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். இரவில் இரண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்க்கிறார். தூக்கத்தில் கத்துகிறார், ஆனால் இந்தியில் கத்துகிறார். கேன்டீனில் வாங்கும் ரம் முன்பெல்லாம் மாதக் கணக்கில் இருக்கும். இப்போது பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நன்றாக இருந்த ஒருவருக்கு இப்போது போய்ப் போரின் பாதிப்பு வருமா? “எனக்குப் பைத்தியமா?” என்று கேட்கும் மனிதரை எப்படி அழைத்துப் போவது? அதுவரை நாங்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: தாமிரபரணி மைந்தன்

வருத்தமாக இருக்கிறது, சகோதரி. மனத்தில் அடைத்து வைத்திருப்பதுதான் நோய் என்பது என் கருத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகச் சூழ்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் அப்பா என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். கூடவே மூச்சுப் பயிற்சியும் காலை நடையும் பழக்குங்கள்.

பதில்: உளவியலாளர், மதுரை

நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் நீங்கள் விவரித்திருப்பது, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், அதாவது பி.டி.எஸ்.டி., என்று நாங்கள் சொல்லும் நிலையோடு பெரிதும் பொருந்துகிறது. பழைய நிகழ்வு கனவாகவும் திடீர் நினைவாகவும் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் எதையும் தவிர்த்தல், தன்னையும் உலகையும் பற்றிய எண்ணம் இருண்டுபோதல், உடல் எந்நேரமும் எச்சரிக்கையில் நிற்றல் என்னும் நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் இப்பெயர் பொருந்தும். முதல் உலகப்போர்க் காலத்தில் இதைக் குண்டதிர்ச்சி என்றார்கள்; வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையைக் கண்ட பிறகு, 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இன்றைய பெயரோடு இது இடம்பெற்றது.

இத்தனை ஆண்டு கழித்து வருமா என்று கேட்டீர்கள். வேறு விதமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் தந்தை நன்றாக இருந்தார் என்பதைவிட, அவருடைய விழிப்புக்கு இத்தனை காலமும் ஒரு வேலை இருந்தது என்பதே பொருத்தம். படையிலும் வங்கியிலும் இரவில் எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சென்ற ஆண்டு வேலை நின்றது, விழிப்பு நிற்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு, கைக்கு வேலை இல்லாத முதுமையில் போர் நினைவுகள் தலைதூக்குவது இரண்டாம் உலகப்போர் வீரர்கள் காலத்திலிருந்தே மருத்துவர்கள் கண்டு வரும் ஒன்று.

மேலே நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்ன ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குடும்பமே சூழ்ந்து உட்கார்ந்து, சொல்லுங்கள் என்று கேட்பது விசாரணையாகிவிடும். அதிலும் உங்கள் தந்தை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; யாரோ கேட்ட கேள்விகளைத் தம் தாய்மொழியில், பயந்து நின்றவர்களிடம் கேட்டிருக்கக்கூடியவர். அவர் கனவில் இந்தியில் கத்துவதையும் வீட்டில் தமிழில் வாய் திறக்காததையும் நான் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். பேசுவது சிகிச்சையின் பெரும்பகுதி என்பது உண்மையே, ஆனால் எங்கே, யாரிடம், எந்த வேகத்தில் என்பவை அதைவிட முக்கியம்.

நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை முறைகள் உள்ளன. ஒன்றில், அஞ்சும் நினைவையும் அஞ்சும் இடத்தையும் சிறிது சிறிதாக, பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்ளப் பழக்குவார்கள். வழக்கமாக எட்டு முதல் பதினைந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. இன்னொன்றில், “என்னால்தான் நடந்தது” என்பது போன்ற உறைந்துபோன எண்ணங்களை எழுதிப் பார்த்து, ஆராய்ந்து, திருத்துவார்கள்; அதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு அமர்வுகள். கண்ணை இடவலமாக அசைத்துக்கொண்டே நினைவை எதிர்கொள்ளும் ஈ.எம்.டி.ஆர். என்னும் முறையும் உண்டு. மருந்தில் செர்ட்ரலின், பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றுக்குச் சான்று இருக்கிறது. அல்பிரஸோலம், டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகளை இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதில்லை. மதுவோடு சேர்ந்தால் அவை மூச்சையே அடக்கிவிடக்கூடும். அந்த மருத்துவர் கொடுத்தது இவ்வகையா என்று அட்டையைப் பாருங்கள். நாள்தோறும் உட்கொண்டு வந்திருந்தால் தாமாக ஒரேயடியாக நிறுத்திவிடாமல், உளமருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் மதுவைத் திடீரென நிறுத்துவதும் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

அந்த மண்ணை மிதிக்கச் சொல்லி யாரும் இழுக்க வேண்டாம். சுற்றுவழியை வசதியாக்கித் தரவும் வேண்டாம். சிகிச்சை தொடங்கிய பிறகு, அந்தத் தெருவே அவருடைய பயிற்சிக்களமாகக்கூடும்.

பதில்: குன்னூர் சுபேதார்

மகளே, உன் அப்பா இருந்த அதே காலத்தில் நானும் அங்கே இருந்தேன். அவர் ஏன் அந்த மண்ணை மிதிக்கவில்லை என்பது, நீ எழுதிய இரண்டாம் பத்தியைப் படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. எங்களில் பலரைக் கொன்றது எதிரே நின்று சுட்ட துப்பாக்கி அன்று, காலுக்குக் கீழே இருந்த கண்ணிவெடி. புதிதாகக் கிளறிய மண், நிறம் மாறிய தார், நேற்று இல்லாத ஒரு கல் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நடந்த கால்கள் அவை.

நான் காலையில் சாலையைச் சோதித்துத் திறந்துவிடும் குழுவில் இருந்தேன். ரோடு ஓபனிங் பார்ட்டி என்போம். ஒரு நாள் நான் சரி என்று சொல்லி அனுப்பிய சாலையில், அரை மணி நேரம் கழித்து வந்த ஒன் டன் வண்டி ஒரு சிறுபாலத்தின்மேல் வெடித்தது. அதற்குமேல் இங்கே எழுதவில்லை. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் குடித்ததற்கும், கல்யாண வீடுகளில் சுவரோரம் பார்த்து உட்கார்ந்ததற்கும், என் மனைவி என்னோடு பட்ட பாட்டுக்கும் அந்த அரை மணி நேரமே காரணம் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

சிகிச்சைக்குப் போனபோது, அந்தக் காலைப்பொழுதை முதலிலிருந்து கடைசிவரை நிகழ்காலத்தில் சொல்லச் சொல்லி, அதைப் பதிவுசெய்து, தினமும் வீட்டில் கேட்டு வரச் சொன்னார் மருத்துவர். முதல் வாரம் என் குரலைக் கேட்டே வாந்தி எடுத்தேன். ஐந்தாவது வாரத்தில், கேட்டுக்கொண்டே தேநீர் குடித்தேன். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “அன்று சாலையைச் சோதிக்க உங்கள் கையில் என்ன இருந்தது?” ஓர் இரும்புக் கம்பி இருந்தது. பாலத்துக்கு அடியில் கற்களுக்குப் பின்னே ஆழமாகப் புதைத்து, தொலைவிலிருந்து கம்பி இழுத்து வெடிக்கச் செய்ததைக் கண்டுபிடிக்க அது போதாது என்பதை அன்றுதான் முதன்முறையாக எனக்கு நானே சொன்னேன். நினைவு போய்விடவில்லை, ஆனால் இப்போது அது பழைய நினைவாக இருக்கிறது.

இன்னொன்று. 1990 மார்ச்சில் கடைசிப் படையணி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. அதன் நியாய அநியாயத்தைப் பேச நான் வரவில்லை. அந்தச் சண்டையை யாரும் இங்கே தொடங்கவும் வேண்டாம். கார்கிலிலிருந்து வந்தவனுக்கு ஊரில் மாலை போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களிடம், அதிலும் தமிழனாக இருந்தவனிடம், ஊர் கேட்ட முதல் கேள்வியே வேறு. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்களை அங்கே இழந்துவிட்டு வந்து, வாயை மூடிக்கொண்டோம்.

அழைத்துப் போகும் வழி சொல்கிறேன். பைத்தியம், மனநோய் என்ற பேச்சே வேண்டாம்; தூக்கம் வரவில்லை, இரத்த அழுத்தமும் பார்க்கலாம் என்று சொல்லி, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக் கூட்டிப் போ. அங்குள்ள மருத்துவரிடம் யாழ்ப்பாணத்தில் பணி செய்ததைக் கட்டாயம் சொல்லி, உளமருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கு. சிகிச்சைக்குப் போனால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் பயப்படக்கூடும். அப்படி நடக்காது. படையில் இருந்த காலத்தில் மருத்துவ வகை, அதாவது உடல்தகுதித் தரம், குறைந்தால் பதவி உயர்வு போகும் என்று பயந்த பழக்கம் அது. நள்ளிரவில் நிலைமை கைமீறினால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவை இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். உன் அப்பா சம்மதித்தால் தனிச் செய்தியில் என் எண்ணைத் தருகிறேன்.

பதில்: சுன்னாகத்தான்

இதற்குப் பதில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் இருந்த எனக்குப் பதினொரு வயது. அந்தத் தீபாவளியன்று, அக்டோபர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். எங்கள் வீட்டில் இன்றும் தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை. ஆகவே இந்தியன் ஆமிக்காரர் ஒருவரின் துயரத்தைப் படிக்கும்போது எனக்குள் எழுந்தது இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்யாகும்.

இருந்தும் ஒரு காட்சி நினைவில் இருக்கிறது. காவலரண் ஒன்றைக் கடக்கும்போது பயத்தில் ஓடப்போன என்னைப் பார்த்து, “ஓடாதே தம்பி, நடந்து போ” என்று இந்தியத் தமிழில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஓடினால் சுடுவார்கள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் உங்கள் அப்பாவாக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த நோயை மனவடு என்று சொல்வோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இதற்கு வைத்தியம் செய்தார்கள். நான் ஓர் உளவளத் துணையாளனாக வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். சிலருடைய மனவடு, தமக்கு நடந்ததால் மட்டும் வருவதில்லை. தாம் செய்ததாலும், பார்த்துக்கொண்டு நின்றதாலும் வருகிறது. உங்கள் அப்பா என்றாவது ஒரு வசனம் சொன்னால், “நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை அப்பா” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். நாட்டுக்காகத்தானே என்றும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவசரத்தில் கொடுக்கும் மன்னிப்பு, மேற்கொண்டு சொல்லாதே என்று வாயை அடைப்பது போல ஆகிவிடும். கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். எழுந்து போகாமல் இருந்தாலே பெரிய காரியம்.

பதில்: கம்மவான்பேட்டை மருமகள்

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்பதால் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தும்போது தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு, கால் பக்கமாக எட்ட நின்று பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மாவைத் தனிக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை, அவருக்கும் தூக்கம் வேண்டும்.

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வங்கிக் காவலர் என்றீர்களே, அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது? சொந்த உரிமத்தில் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்தால் அது வீட்டில் இருக்கவே கூடாது. தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பீர்கள் அல்லவா, அதுபோல இப்போதே ஒப்படைத்து இரசீது வாங்கிவிடுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு எப்போதாவது வந்ததா என்பதை அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பாலாற்றங்கரை (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. துப்பாக்கி பீரோவுக்கு மேலே பழைய போர்வையில் சுற்றி இருந்தது. வேலைதான் இல்லையே, உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவு எதற்கு என்று அம்மா பேச்சை எடுத்தார். அப்பா மறுக்கவில்லை, அவரே கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். மாத்திரை அல்பிரஸோலம்தான். பாலிகிளினிக் மருத்துவர் அதைக் குறைக்கும் விதத்தை எழுதித் தந்து, உளமருத்துவருக்குச் சீட்டும் கொடுத்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை போகிறோம். அம்மாவும் உடன் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சுபேதார் ஐயா, நீங்கள் தொலைபேசியில் பேசிய அன்று அப்பா மொட்டை மாடிக்குப் போய் நாற்பது நிமிடம் இந்தியில் பேசினார். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. கோப்பாய் என்ற யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர் மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. இறங்கி வந்து சோறு கேட்டார். அன்று ரம் பாட்டிலை எடுக்கவில்லை, மறுநாள் எடுத்தார்.

சுன்னாகம் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் காட்டலாமா என்று உளவியலாளரைக் கேட்டேன். இப்போது வேண்டாம், சிகிச்சை அளிப்பவர் முடிவு செய்யட்டும் என்றார். எடுத்து வைத்திருக்கிறேன்.

தெருவில் மூடிய மண்ணை அவர் இன்னும் மிதிக்கவில்லை. நேற்று மழை விட்ட பிறகு வாசற்படியில் வந்து நின்று, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.