மறு: ஸ்கூல் பாண்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிக் கட்டட வேலைக்காக வாங்கும் கடனைக் குறிக்கும் 'ஸ்கூல் பாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: பள்ளிப் பத்திரம், நிதிப் பத்திரம், பிணைமுறி, கடன்முறி. முதல் சொல்லை முன்வைத்தவன் நான். அதை இன்று திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் பகுதிப் பள்ளிகளின் கட்டட வேலைக்காக வருகிற தேர்தலில் பாண்ட் வாக்கெடுப்பு நடக்க இருக்கிறது. இங்கே கலிஃபோர்னியாவில் இருக்கும் தமிழ் வாக்காளர்களுக்காக ஒரு பக்க அறிவிப்பு எழுதி, பக்கத்து வீட்டு அத்தையிடம் படித்துக் காட்டினேன். குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் வாக்களிப்பவர் அவர். முருங்கைக் கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "பள்ளிப் பத்திரத்துக்கு வாக்களியுங்கள்" என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. "ஏம்ப்பா, வீட்டுப் பத்திரத்தையா கேக்கறாங்க? பள்ளிக்கூடம் கட்ட நம்ம வீட்டை அடமானம் வைக்கணுமா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் பத்திரம் என்றால் முதலில் பத்திரப்பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு, இந்தக் கடனை அடைக்கும் பணம் வீட்டின் மேல் விழும் சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பயத்தைக் கிளப்பியது என் சொல்.

சரி, சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். பள்ளி நிர்வாகம் கட்டடம் கட்டச் சந்தையில் கடன் வாங்குகிறது. கடன் கொடுத்தவருக்குத் தரும் தாள்தான் பாண்ட். அசலையும் வட்டியையும் இருபது, முப்பது வருடத்துக்கு அந்தப் பகுதியில் வீடு, நிலம் வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டுவார்கள். அவர்கள் தலையில் விழும் கடன் என்பதால் வாங்குவதற்கு முன் வாக்காளர்களைக் கேட்க வேண்டும். முன்பு இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2000 நவம்பரில் மாநில மக்கள் ஏற்றுக்கொண்ட 39-ஆம் முன்மொழிவு, சில நிபந்தனைகளோடு அதை 55 சதவீதமாகக் குறைத்தது. எந்தெந்த வேலைக்கு என்று பட்டியல் தர வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் குழு ஒன்று செலவைக் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே வாக்காளர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கடன் வாங்கலாமா, வேண்டாமா? பத்திரம் என்பது அந்தக் கடன் எழுதப்படும் தாள். அதை முதலீட்டாளர் வாங்கிக்கொள்கிறார், வாக்காளர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் ஓடுவதால் நாமும் இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். இங்கேதான் சிக்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

சொல்லில் கடன் ஒளிந்துகொள்ளக்கூடாது என்பது எனக்கு மிக முக்கியம். டெக்சாஸில் 2019-இல் வந்த சட்டப்படி, பள்ளி பாண்ட் கேட்கும் வாக்குச்சீட்டிலேயே "இது சொத்து வரி உயர்வு" என்று அச்சிட வேண்டும். அது நியாயமா, பள்ளிக்கு வரும் வாக்கைக் குறைக்கும் தந்திரமா என்று வாதாடலாம். எங்கள் பகுதியில் இந்தக் கடன் வேண்டும் என்று உழைக்கிறவன் நான். அப்படியிருந்தும் மக்களுக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு வாக்கு வாங்க எனக்கு மனமில்லை.

இப்போது முறிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னது உண்மை. முறி நல்ல பழைய தமிழ்ச் சொல், எழுதிக் கொடுத்த சீட்டு என்ற பொருளும் அதற்கு உண்டு. இலங்கையில் பிணைமுறி, திறைசேரி (அரசுக் கருவூல) முறி என்று நாளிதழ்களில் அன்றாடம் புழங்குகிறது. 2015-இல் மத்திய வங்கி பிணைமுறி மோசடி வெடித்தபின் அதற்கு ஒரு கறை படிந்துவிட்டது என்று அவரே எழுதியிருந்தார். எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். தமிழ்நாட்டுக் காதுக்கு முறி என்றால் ஒடி. நஞ்சை எடுப்பது நச்சுமுறி. அப்படியானால் கடன்முறி என்றால் என்ன? கடனை எடுத்துவிடும் மருந்து, அதாவது தள்ளுபடி! கடன் வாங்கக் கேட்கும் தாளுக்கு, கடன் தீர்ந்தது என்று ஒலிக்கும் பெயர். இலங்கை வாசகருக்கு எழுதும்போது முறி இருக்கட்டும், எங்கள் அறிவிப்புக்கு வேண்டாம்.

நிதிப் பத்திரம் என்று சொன்ன வங்கி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் துறையில் அது பொருந்தலாம் ஐயா. ஆனால் நிதி என்றதும் யாரோ கொடுக்கிற பணம் மாதிரி இருக்கிறது. இந்தியாவில் கட்சிகளுக்கு நன்கொடை தர வந்த தேர்தல் பத்திரம் பட்ட பாடும் இன்னும் மறக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2024-இல் அதை ரத்து செய்தபின், தேர்தல் பேச்சுக்கு நடுவே பத்திரம் என்று வந்தால் வாசகர் மனம் நேரே அங்கே போய்விடுகிறது.

என் முடிவு இது. தாளுக்குக் 'கடன்பத்திரம்'. பத்திரிகைகளில் ஏற்கெனவே இருக்கும் சொல், புதிதாக ஆக்க வேண்டியதில்லை. எந்த இடத்திலும் முன்னால் இருக்கும் கடனை மட்டும் உதிர்த்துவிடக்கூடாது. வாக்காளரிடம் பேசும்போது 'பள்ளிக் கட்டடக் கடன்'. மக்களைக் கேட்கும் அந்த நிகழ்வு 'கடன் ஒப்புதல் வாக்கெடுப்பு'. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் பெரும்பாலும் அரசின் திட்டங்கள் வழியாகவே வருகிறது. ஊர்க்காரர்கள் வாக்களித்துத் தங்கள் பள்ளிக்குக் கடன் வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் இந்த மூன்றாவது சொல்லைத்தான் நாம் உண்மையில் ஆக்க வேண்டியிருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் மகிழ்வேன்.

கூட வரும் சில சொற்கள். பள்ளிக் கட்டடங்களுக்கான மாஸ்டர் பிளானுக்கு 'முழுமைத் திட்டம்' போதும், சென்னைப் பெருநகர வளர்ச்சித் திட்டங்களில் பழகிய சொல். வரி போடுவதற்காக அரசு குறித்து வைத்திருக்கும் வீட்டு விலைக்கு 'வரி மதிப்பு'. கலிஃபோர்னியாவில் இது சந்தை விலையைவிட மிகக் குறைவாக இருக்கலாம். 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறாதவரை, புதிதாகக் கட்டிச் சேர்க்காதவரை, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது ஏறாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் வீடு இன்று விற்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டு மலைத்துவிடுவார்கள். எங்களுடையதுபோல் தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலை வரை ஒரே நிர்வாகத்தில் இருந்தால், 55 சதவீத வாக்கெடுப்பு ஒன்றுக்கு லட்சம் டாலர் வரி மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும். வரி மதிப்பு ஏழு லட்சம் என்றால் அதிகபட்சம் 420 டாலர். பாருங்கள், லட்சத்துக்கு இவ்வளவு என்பது நம் வாயில் தானாக உட்கார்ந்துகொள்கிறது.

நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பழைய கட்டடத்தை உறுதியாக்குவதற்கு 'வலுவூட்டல்'. 'பழுதுபார்ப்பு' என்று எழுதாதீர்கள். 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்து விழுந்தன. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் என்பதால் பிழைத்தார்கள். ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது, அதிலிருந்து பொதுப்பள்ளிக் கட்டட வரைபடத்துக்கு மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். இங்கே பள்ளி கட்டும் செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாக்காளர் கடன் வாங்கிக் கொடுப்பது சுண்ணாம்பு அடிக்க அல்ல என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

இன்னொன்று. வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமாகத் தரும் கடன்பத்திரம் உண்டு. சான் டியேகோ பக்கத்திலுள்ள பவே பள்ளி நிர்வாகம் 2011-இல் இந்த வகையில் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது. திருப்பித் தர வேண்டியது ஏறக்குறைய 98 கோடி. ஊரே கொதித்தது. 2013-இல் மாநிலம் சட்டம் போட்டு, திருப்பித் தரும் மொத்தத் தொகை அசலைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்று கட்டியது. இதற்கு 'வளர்வட்டிக் கடன்பத்திரம்' என்று வைக்கலாமா? வட்டி குட்டி போடும் என்று ஊரில் சொல்வோமே, அதே எச்சரிக்கை இந்தச் சொல்லிலும் கேட்கிறது.

நேற்று மாலை புதுச் சொற்களோடு அறிவிப்பைத் திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி அத்தையிடம் போனேன். 'பள்ளிக் கட்டடக் கடன் வாங்க உங்கள் ஒப்புதல்' என்று தொடங்கினேன். பத்திரம் பற்றிய பேச்சே வரவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "வட்டி எவ்வளவு? எத்தனை வருஷத்துல அடையும்?" என்றார்.

இரண்டுமே அறிவிப்பில் இல்லை. இன்று சேர்க்கிறேன். கடன் அடைந்து முடியும் ஆண்டுக்கு, 'முதிர்வு' என்று எழுதாமல், அவருக்கு விளங்கும்படி ஒரு சொல் வேண்டும். 'அடைவு ஆண்டு' சரியாக வருமா?