மறுபுதைப்பா, இருநிலை ஈமமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> மானிடவியல் கலைச்சொல் பட்டியலில் ‘செகண்டரி பரியல்’ என்பதற்கு ‘மறுபுதைப்பு’ என்று போட்டு முடித்துவிடலாமே.

முடித்துவிட முடியாது. இறந்ததும் உடலுக்கு ஒரு சடங்கு, காலம் கழித்து எஞ்சிய எலும்புக்கு இன்னொரு சடங்கு என்று ஈமச் சடங்கை இரண்டு கட்டமாகச் செய்வதையே அது குறிக்கிறது. இந்தக் கருத்தை மானிடவியலில் நிலைநிறுத்தியது 1907இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ராபர்ட் எர்ட்ஸ் எழுதிய நீண்ட கட்டுரை. அதில் அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது போர்னியோத் தீவின் ஙாஜு தயாக் மக்களை. (எர்ட்ஸ் அங்கே போனதே இல்லை, பிறர் எழுதிவைத்த குறிப்புகளை வைத்தே எழுதினார்.) அக்கால ஙாஜு மக்களிடம் இறந்தவரின் உடலைப் பெட்டியில் வைத்து இடுக்குகளைப் பிசின் கொண்டு அடைப்பார்கள். அடியில் ஒரு மூங்கில் குழாய்; அழுகி வடியும் நீர் அதன் வழியாகக் கீழே உள்ள பாத்திரத்தில் இறங்கும். பெரிய சடங்கான திவாவுக்குச் செலவு மிகுதி. அதற்குப் பொருள் சேரும்வரை, சில வேளை ஆண்டுக்கணக்கில், உயிர் போக வேண்டிய இடம் போய்ச் சேராது. கைம்பெண்ணின் விலக்குகளும் தீராது. திவா நடந்தபின் எலும்புகள் போவது மண்ணுக்குள் அல்ல. தூண்மேல் நிற்கும் சந்துங் என்னும் சிறு மரவீட்டுக்குள். இதில் புதைப்பு எங்கே இருக்கிறது?

நீலகிரித் தோடர்களைப் பாருங்கள். ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் ‘பச்சை’, ‘உலர்’ என்று இரண்டு ஈமங்களை விவரிக்கிறார். அவர் கண்ட முறையில் முதலில் உடலை எரிப்பார்கள். தலைமயிரும் மண்டையோட்டுத் துண்டும் பூத்துக்குளி என்னும் தோடர் போர்வையில் சுற்றி வைக்கப்பட்டு இரண்டாவது ஈமத்துக்குக் காத்திருக்கும். ‘மறுபுதைப்பு’ என்றால் முதலிலேயே புதைத்ததாக ஆகிவிடும். இங்கே அது பொய்.

> அப்படியானால் ‘இரட்டை ஈமம்’?

ஒரே நாளில் வீட்டில் இரண்டு சாவு விழுந்ததுபோல் இருக்கிறது. ‘இருநிலை ஈமம்’ என்பதே என் முன்மொழிவு. ஈமம் சுடுகாட்டு விறகைக் குறிப்பது என்று இலக்கண அன்பர்கள் மறுப்பார்கள். ஆனால் ஈமத்தாழி என்று எழுதும்போது எவரும் விறகைத் தேடுவதில்லை. எரிப்பு, புதைப்பு, மரவீடு எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு அந்தச் சொல் விரிந்துவிட்டது.

இரண்டு சடங்குகளுக்கும் நடுவே உள்ள காலத்துக்குப் பெயர் வைப்பதுதான் எனக்கு இதைவிட முக்கியம். எர்ட்ஸின் வாதமே அதில்தான் நிற்கிறது: உடலின் அழுகல், உயிரின் அலைச்சல், உறவினரின் துக்கம் மூன்றும் சேர்ந்தே நகர்கின்றன, எலும்பு காய்ந்தால்தான் மற்ற இரண்டும் முடியும். ‘இடைக்காலம்’ என்றால் வரலாற்றுப் பாடநூல். ‘இடைவேளை’ என்றால் திரையரங்கு வாசலில் முறுக்கு. ‘ஈமக் காத்திருப்பு’ எனலாம். பிணமும் காத்திருக்கிறது, வீட்டாரும் காத்திருக்கிறார்கள்.

> பால் தெளித்து எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைக்கிறோமே, அதுவும் இருநிலைதானே?

நல்ல கேள்வி. எரிப்போடு ஈமம் முடிவதில்லை, எஞ்சிய எலும்புக்கு இன்னொரு சடங்கு வேண்டும் என்று எர்ட்ஸும் சொல்கிறார். காத்திருப்பு இரண்டு நாளாகச் சுருங்கினாலும் கருமாதிவரை தீட்டு நீடிக்கிறது. எனவே சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன். ‘சுருங்கிய வடிவம்’ என்ற குறிப்போடு.

தொல்லியலார் ‘இரண்டாம் நிலைப் புதைப்பு’ என்று எழுதுவதை மாற்றச் சொல்லவில்லை. தாழிக்குள் சேர்த்துவைத்த எலும்பைக் கண்டவர்களுக்கு அது பொருந்தும். நடுவில் அழுதவர்களைக் கண்டு எழுதுபவருக்குத்தான் வேறு சொல் தேவை. மறுப்பு இல்லையென்றால் ‘இருநிலை ஈமம்’, ‘ஈமக் காத்திருப்பு’ இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.