கடவுள்னு நாலு இடத்துல இருந்தா அது பஜனையா?

காரிமங்கலத்தான்: டாஸ்மாக் பத்தின பேச்சுல பென்னாகரம் தம்பி "ஏஏ கூட்டம் பஜனை மடம், சாமிய காட்டி குடிய நிறுத்துறாங்க"ன்னு எழுதுனத படிச்சதுல இருந்து மனசு ஆறல. ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய வுட நெனைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம், அதுக்கு பன்னெண்டு படின்னு ஒரு வழி இருக்கு. நான் குடிய கடைசியா தொட்டு ஒன்பது வருசம் ஆச்சு, எனக்கு யாரும் சாமிய காட்டல. மூணாவது படியில "நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்"னு இருக்கு. 1939ல ஏஏவோட புத்தகம் வர்றதுக்கு முன்னாடி சாமி நம்பாதவங்க சண்டை போட்டுதான் அந்த "புரிந்துகொண்ட" சேந்துச்சு. எனக்கு அந்த கடவுள், கூட்டம் நடந்த ரூம்ல உக்காந்திருந்த பதினோரு பேரு, அவ்ளோதான்.

பென்னாகரத்தான்: எண்ணிட்டேன்ணே. 3, 5, 6, 11வது படி. நாலு இடத்துல கடவுள். ஏழுல அவர்கிட்ட பணிவா கேக்கணுமாம். அந்த "அவர்" உங்க பதினோரு பேரா?

ஓசூரான்: எங்க மாமா வருசாவருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமா இருப்பாரு. மாலை கழட்டுன சாயந்தரமே கடை வாசல்ல நிப்பாரு. சாமி பயம் அவ்ளோதான்.

காரிமங்கலத்தான்: மாலையும் படியும் ஒண்ணா? மாலைக்கு நாள் கணக்கு இருக்கு, இங்க இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் கணக்கு. எட்டாவது படியில யார் யாருக்கு கெடுதல் பண்ணோம்னு எழுதணும், நான் எழுதுனப்ப ஒரு நோட்டு பத்தல, தங்கச்சி சீட்டுப்பணத்த எடுத்து குடிச்சது, தக்காளி மண்டியில கூலி ஆளுங்கள ஏமாத்துனது எல்லாம் வந்துச்சு, ஒன்பதாவது படிக்கு ஒவ்வொரு வூடா போய் நின்னேன், தங்கச்சி கதவே தொறக்கல, மூணு தடவ போனேன். இதுல பஜனை எங்கப்பா இருக்கு?

பென்னாகரத்தான்: நல்ல காரியந்தான். அதுக்கு கடவுள் எதுக்கு, அதுவும் நாலு இடத்துல?

மாரண்டஅள்ளி அக்கா: சாமிய எண்ணிக்கினு இருக்கீங்களே. எங்க வூட்டுக்காரரு பத்து வருசக் குடிய ஒரே நாள்ல நிறுத்துனாரு, மூணாம் நாள் கை நடுங்கி, செவுத்துல பூச்சி ஊருதுன்னு கத்தி, ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுனோம். ரொம்ப நாள் குடிச்சவங்கள முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, கூட்டமெல்லாம் அப்புறம்.

பென்னாகரத்தான்: அக்கா சொன்னதுதான். டாக்டர், மருந்து.

காரிமங்கலத்தான்: டாக்டர் வேணாம்னு நான் எங்க சொன்னேன்? 1935ல இத ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் டாக்டர்தான். 2020ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள சேத்து அலசுற அமைப்போட ஆய்வு 27 ஆராய்ச்சி, 10,565 பேர சேத்து பாத்துச்சு, தொடர்ந்து குடிக்காம இருக்க வைக்கிறதுல இந்த வழி மத்த சிகிச்சைகள விட நல்லாவே நிக்குதுன்னு வந்துச்சு. அதுவும் பஜனையா?

ஓசூரான்: கடைய மூடுனா படியே வேணாம். எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்து தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜி 1937லயே சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு கொண்டாந்தாரு.

தர்மபுரி டவுன்: "எங்க"வா? அப்ப கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, 2004ல எங்ககிட்ட இருந்து பிரிஞ்சு போனீங்க. முன்னாடி மாங்கா யார் ஊருதுன்னு நடந்த பேச்சுலயும் இதே பெருமைதான் அடிச்சீங்க.

ஓசூரான்: நீங்க மட்டும்? 1965 வரைக்கும் நீங்களும் சேலந்தான்.

பென்னாகரத்தான்: எங்கப்பாவுக்கு குடி நிறுத்துறேன்னு கயிறு கட்டி மூவாயிரம் வாங்குனாங்க, ஆறே மாசத்துல மஞ்சக்காமாலையில போய்ட்டாரு. சாமி பேர சொல்லி எவன் குடி நிறுத்துறேன்னாலும் எனக்கு பத்திக்கும்ணே.

காரிமங்கலத்தான்: அது கொடுமைதான் தம்பி. ஆனா அந்த கயிற எங்க தலையில கட்டாத. இங்க ஃபீஸே கிடையாது, குடிய வுடணும்னு ஆசை இருந்தா போதும். ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து பாரு.

பென்னாகரத்தான்: வரல. நாலு இடம்ணே.

காரிமங்கலத்தான்: மூணாவது படிய முழுசா படி, பாதியில நிறுத்தாத.

தர்மபுரி டவுன்: ஓசூரான், மாங்காவுக்கு இன்னும் பதில் வரல.