பிஸ்ஸிகாட்டோ என்று எழுதினால் வில்லால் வாசிக்கிறது

சரளிவரிசை:
இரண்டு வயலின், வியோலா, செல்லோவுக்கு சிபேலியஸ் என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருளில் ஒரு சின்ன உருப்படி எழுதியிருக்கிறேன். மென்பொருள்களுக்கு நடுவே கேபிள் மாதிரி வேலை செய்யும் லூப்மிடியில் போர்ட் உண்டாக்கி, ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பருக்கு அனுப்புகிறேன். அங்கே கான்டாக்ட் (பதிவுசெய்த வாத்திய ஒலிகளான சாம்பிள்களை வாசிக்கும் மென்பொருள்) ஒலிக்கிறது. ஆனால் 'பிஸ்.' (பிஸ்ஸிகாட்டோ) என்று போட்ட இடத்திலும் நரம்பைக் கிள்ளாமல் வில் போட்டே வாசிக்கிறது. போர்ட்டில் கோளாறா?

ஈரோட்டுக்காரன்:
அந்தக் கேபிளையே கழற்றிப் போடுங்கள். டோரிகோ என்ற ஸ்கோர் மென்பொருள் 2016-இல் வந்த நாளிலிருந்தே விஎஸ்டி கருவியை (மென்பொருள் வாத்தியத்தை) தனக்குள் ஏற்றிக்கொள்கிறது. 2022 டிசம்பரில் வந்த மியூஸ்ஸ்கோர் 4-ம் விஎஸ்டி3 ஏற்றும், அதுவும் இலவசமாக. எதற்கு நடுவில் இரண்டு மென்பொருள்?

பழையவயலின்:
தம்பி, கேபிளைக் கழற்றினால் பிஸ்ஸிகாட்டோ வந்துவிடுமா? போர்ட்டில் கோளாறு இருந்தால் சத்தமே வந்திருக்காது. 1983-இல் வந்த மிடியில் (மின்னணு வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் மொழி) 'இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம்' என்று சொல்ல வழி உண்டு. 'கிள்ளு' என்று சொல்ல ஒரு செய்தி கிடையாது. அதனால்தான் கருவி செய்கிறவர்கள் வயலின் எட்டாத கீழ்ச் சுரங்களை கீஸ்விட்சாக வைக்கிறார்கள். அதைத் தொட்டால் கருவி வாசிக்கும் விதம் மாறும். எந்தச் சுரம் என்பது கருவிக்குக் கருவி வேறு. சிபேலியஸுக்கு அதைச் சவுண்ட் செட் கோப்பில் சொல்லித்தர வேண்டும்.

ஈரோட்டுக்காரன்:
டோரிகோவில் அதையே எக்ஸ்பிரஷன் மேப் என்று கண்முன்னே வைத்திருக்கிறான். பத்து நிமிட வேலை.

பழையவயலின்:
பத்து நிமிடமா! ஒரு கருவிக்குப் பன்னிரண்டு வாசிப்பு முறை இருந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும். சரி, கேபிளால் என்ன லாபம் என்றால், நான் ஸ்கோரை மூடித் திறந்தாலும் ரீப்பரில் சாம்பிள்கள் ஏறியபடியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் பல ஜிபி ஏறும் வரை டீ குடிக்கப் போக வேண்டியதில்லை.

ஈரோட்டுக்காரன்:
அது நியாயம். ஆனால் கேபிளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மெதுவாக எழும் ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள், சுரம் வந்து கொஞ்சம் கழித்துத்தான் முழுதாகக் கேட்கும். அதைச் சரிசெய்யச் சுரத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கேபிளில் சுரம் அந்தந்த நொடியில்தான் வருகிறது; வராத சுரத்தை ரீப்பர் எப்படி முன்னால் தள்ளும்? ஸ்கோரை வாசித்துக்காட்டும் நோட்பெர்ஃபார்மர் என்ற மென்பொருள் சுமார் ஒரு நொடி முன்னாலேயே படித்துவிட்டு வாசிப்பதால்தான் சொற்றொடர் இயல்பாக விழுகிறது.

பழையவயலின்:
இதில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் எழுதும்போது மட்டும் கேபிள். முடிந்த பிறகு மிடியாக ஏற்றுமதி செய்து, ரீப்பரில் டிராக்கை நகர்த்திக்கொள்வேன்.

ஈரோட்டுக்காரன்:
அப்புறம் நாளைக்கு ஸ்கோரில் ஒரு சுரத்தை மாற்றினால்? திரும்ப ஏற்றுமதி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சரளிவரிசை:
சண்டைக்கு நடுவே சோதித்துவிட்டேன். கையேட்டில் பிஸ்ஸிகாட்டோ கீஸ்விட்ச் சி0 என்று இருந்தது. சவுண்ட் செட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று செல்லோ வரியில் சி0 சுரத்தையே எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பழையவயலின்:
கான்டாக்ட் நடு சி-யை சி3 என்கிறது, சிபேலியஸ் சி4 என்கிறது. இரண்டுமே மிடி எண் 60தான். அப்படியானால் கையேட்டின் சி0 என்பது எண் 24, சிபேலியஸில் அது சி1. பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

சரளிவரிசை:
கிள்ளுகிறது அண்ணா! ஆனால் இருபதாம் பாரில் 'ஆர்கோ' (மறுபடி வில்லால்) போட்டிருக்கிறேன், அங்கேயும் கிள்ளிக்கொண்டே போகிறது.

ஈரோட்டுக்காரன்:
ஆர்கோவுக்கும் தனி கீஸ்விட்ச் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் கடைசி பார் வரை கிள்ளும். டோரிகோவில் என்றால்...

பழையவயலின்:
ஆரம்பித்துவிட்டார்.